வியன்னா போய் வந்தோம்

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் இன்னொரு வெளிநாட்டுக்குச் சுற்றுலாப் போவதா? அதுவும் தொழிற்சாலைச் சம்பளத்தில், இரண்டு பெண்கள் தனியாகவா? இப்படிக் கேட்டவர்கள் பலர். இதை வாசித்துவிட்டுக் கேட்கப் போகிறவர்களும் இருப்பீர்கள். அதனால் விடையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போகலாம். மூன்று இரவு, நான்கு பகல். றெயின், படுக்கை, சாப்பாடு, காசு கொடுத்துப் பார்த்த காட்சிகள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 248 ஈரோ முடிந்தது. வேலைக்குப் போகவென்று மாதாமாதம் எடுக்கிற றெயின் சீட்டை மட்டும் இதில் சேர்க்கவில்லை. கணக்கு எழுதிய கொப்பி இன்னும் என் கைப்பைக்குள் கிடக்கிறது.

நாங்கள் இருப்பது தென் ஜேர்மனியில், உல்ம் நகருக்குப் பக்கத்தில். பிஸ்கற் தொழிற்சாலையொன்றில் பொதி கட்டும் பகுதியில் வேலை. ஓடுகிற பெல்ற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. காதுக்குள் அடைப்பானை வைத்துக்கொண்டு எட்டு மணித்தியாலம் நின்றபடி வேலை. வாயசைவை வைத்தே ஆறு வருடமாகக் கதைத்து வருகிறோம். சொந்த அக்கா இல்லை. மயிலிட்டிக் கடற்கரையில் பிறந்தவர். 1990 இல் பத்து வயதில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, பிறகு எத்தனையோ ஊர் மாறிக் கடைசியில் வன்னிக்குப் போனவர். 2009 மே மாதத்தில் அவருடைய கணவர் காணாமற் போனார். 2011 இல் நாலு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். மகன் இப்போது தொழிற்பயிற்சி எடுக்கிறான். தன்னுடைய சட்டையைத் தானே அயர்ன் பண்ணுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

வியன்னா என்பது அக்காவின் தெரிவு. லொறியில் வந்தபோது இடையில் ஓரிடத்தில் நின்றதாம். சாரதி வெளியே யாரோடோ கதைத்ததில் 'வீன்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்ததாம். அது வியன்னாவின் ஜேர்மன் பெயர் என்பதே அவருக்கு ஜேர்மன் வகுப்பில்தான் தெரிய வந்தது. "ஒஸ்திரியா எண்டு நான் கண்டது தார்ப்பாயைத்தான். அதை ஒருக்கால் வெளிச்சத்திலை பாக்கவேணும்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2015 ஓகஸ்ற் 27 அன்று வியன்னாவுக்குக் கிழக்கே நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுச் சென்ற குளிரூட்டி லொறிக்குள் 71 அகதிகளின் உடல்களைக் கண்டெடுத்தார்களே, அந்தச் செய்தி வந்த கிழமை முழுவதும் அக்கா தொலைக்காட்சியே போடவில்லை. ஆனால் வியன்னாப் பேச்சை மட்டும் விடவில்லை.

என் வீட்டில் கணவர் "போட்டு வா, பிள்ளையளை நான் பாக்கிறன்" என்றார். அவருக்குச் சமைக்கத் தெரியும், அதனால் பயமில்லை. மாமியார் தொலைபேசியில் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எதற்குச் சமம் என்று மருமகள்மாருக்குத் தெரியும். கோயிலில் ஒரு அம்மாதான் நேரடியாகவே கேட்டார்: "ரெண்டு பொம்பிளையள் தனிய ஊர் சுத்தப் போறியளோ?" அக்கா சிரித்துக்கொண்டே, "அம்மா, நான் நாலு வயதுப் பிள்ளையோட லொறியிலை தனிய வரேக்கை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை" என்றார். அந்த அம்மா எங்கள் கையில் திருநீற்றைத் தந்து அனுப்பினார்.

புதிதாக வந்திருக்கிற குடும்பங்களுக்காகப் பத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் இருவரிடமும் இருப்பது நீலப் புத்தகம். 1951 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம். அதோடு வதிவிட அனுமதி அட்டையும் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்குள், 180 நாட்களில் 90 நாட்கள் வரை, தனி வீசா இல்லாமல் சுற்றுலாப் போகலாம். இரண்டையும் கையில் கொண்டு போக வேண்டும், படப்பிரதி உதவாது. வழக்கு இன்னும் முடியாமல் தற்காலிகக் கடதாசியோடு இருப்பவர்கள் எல்லை தாண்ட முடியாது. "ஷெங்கனுக்குள்ளை ஒருத்தரும் பாக்கிறேல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பார்க்கிறார்கள். அரசாங்க உதவிப் பணம் எடுப்பவர்கள் ஊரை விட்டு வெளிக்கிட முதல் தங்கள் அலுவலகத்தில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி அட்டையையும் மறக்காதீர்கள். அதன் பின்பக்கம்தான் ஐரோப்பாவுக்குரிய அட்டை.

யூன் மாதம், பெந்தகொஸ்தே விடுமுறையில் வெளிக்கிட்டோம். ஜேர்மனி முழுவதற்குமான மாதச் சீட்டு சால்ஸ்பேர்க் நிலையம் வரை செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. வேகமான றெயின்களில் ஏற முடியாது. நின்று நின்று போகிறவற்றில் மாறி மாறிப் போக வேண்டும். உல்மிலிருந்து முன்சன், முன்சனிலிருந்து சால்ஸ்பேர்க். அங்கிருந்து வியன்னாவுக்கு இரண்டரை மணித்தியாலம். அதற்கு மட்டும் முன்கூட்டியே மலிவுச் சீட்டு வாங்கி வைத்தோம், போக வர ஆளுக்கு 42 ஈரோ. அலுமினியத் தாளில் கட்டிய சோற்றுப் பார்சல் முன்சன் தாண்டியதும் திறந்தது. கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல், பருப்பு, மோர்மிளகாய். பெட்டி முழுக்க வாசம் பரவியது. எதிரே இருந்த கிழவர் பார்த்துச் சிரித்தார். அக்கா அவருக்கும் ஒரு பருத்தித்துறை வடையைக் கொடுத்தார். உறைப்பில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் இரண்டாவதையும் வாங்கிச் சாப்பிட்டார்.

உல்மில் எங்கள் வீட்டருகே ஓடுகிற டொனாவ் ஆறுதான் வியன்னாவிலும் ஓடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் உல்மிலிருந்து தட்டையான மரப் படகுகளில் ஏழைக் குடும்பங்கள் இந்த ஆற்றோடு கீழே இறங்கி, வியன்னாவையும் தாண்டி ஹங்கேரிப் பக்கம் குடியேறப் போனார்களாம். நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்பி வர முடியாத படகுகள். போய்ச் சேர்ந்ததும் அவற்றை உடைத்துப் பலகையாக விற்றுவிடுவார்கள். இதை அக்காவுக்குச் சொன்னதும், "அப்ப அவையளும் திரும்பிப் போறதுக்கு வழி வைக்கேல்லை" என்றார்.

எல்லையை அக்கா யன்னலோடு ஒட்டியிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஃபிறைலாஸிங் தாண்டியதும் ஒரு சின்ன ஆறு, அதன்மேல் ஒரு பாலம். தடதடவென்று சத்தம். அவ்வளவுதான். கைத்தொலைபேசியில் 'ஒஸ்திரியாவுக்கு நல்வரவு' என்று குறுஞ்செய்தி வந்தது. "இவ்வளவுதானோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

தங்கியது இளைஞர் விடுதி ஒன்றில், பெண்களுக்கு மட்டுமான ஆறு கட்டில் அறை. ஓரிரவு 29 ஈரோ. இளைஞர் என்று பெயர் இருந்தாலும் வயதைக் கேட்க மாட்டார்கள். பூட்டு மட்டும் நாங்களே கொண்டு போக வேண்டும். மற்ற நான்கு கட்டில்களிலும் கொரியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த பிள்ளைகள். கீழே பொதுச் சமையலறை, பாத்திரம் எல்லாம் இருந்தது. மிளகாய்த்தூளும் ஒரு சின்னப் போத்தலில் நல்லெண்ணெயும் கொண்டு போயிருந்தோம். முதல் நாள் காலையில் கண் விழித்தபோது மணி 8.40. பதினொரு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு விடியல் இல்லை. ஒருவரும் தேத்தண்ணி கேட்கவில்லை, ஒருவருடைய சப்பாத்தும் காணாமற் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இருபது நிமிடம் சும்மா கிடந்தேன். சுற்றுலாவில் எது பிடித்தது என்று கேட்டால் இதையும் பட்டியலில் சேர்ப்பேன்.

வியன்னாவில் முதலில் எங்களுக்குப் பிடித்தது தண்ணீர். சிரிக்காதீர்கள். தெருமூலைகளில், பூங்காக்களில், சந்தையில், எங்கே பார்த்தாலும் குடிநீர்க் குழாய். மலையில் ஊறுகிற சுனைத் தண்ணீர் அது. முன்பு இந்த நகரத்தில் கிணற்றுத் தண்ணீரால் நோய் பரவிச் சனங்கள் செத்திருக்கிறார்கள். அதனால் 1873 இல் மலையிலிருந்து முதல் குழாயைக் கொண்டு வந்தார்கள். 1910 இல் இரண்டாவது. அந்த இரண்டாவது 180 கிலோமீற்றர் நீளம். பம்பு ஒன்றும் இல்லை, சரிவிலேயே ஓடி 36 மணித்தியாலத்தில் நகருக்கு வந்து சேர்கிறது. தண்ணீருக்காக வரிசையில் நின்ற கால்கள் எங்களுடையவை. அக்கா குழாயடியில் போத்தலை நிரப்பிக் குடித்துவிட்டு, "எங்கடை வீட்டு நன்னீர்க் கிணறு மாதிரி" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் மயிலிட்டியார் கொடுக்க மாட்டார்கள். நான்கு நாளும் தண்ணீருக்கு ஒரு சதம் செலவில்லை.

சாப்பாட்டுச் சாமான் வாங்க நாஷ்மார்க் சந்தைக்குப் போகச் சொல்லுவார்கள். பார்க்க வடிவுதான், விலை எங்களுக்கு ஏற்றதில்லை. ஒட்டாக்றிங் பக்கத்தில் இருக்கிற புறுன்னென்மார்க் தெருச் சந்தைக்குப் போங்கள். துருக்கிக் கடைகள் நிறைய. கத்தரிக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் குவிந்து கிடக்கும். மூடப்போகிற நேரத்தில் இன்னும் மலிவு. இங்கே அல்டி என்று இருக்கிற கடைக்கு அங்கே ஹோஃபர் என்று பெயர். உள்ளே போனால் அதே பாண், அதே பால். ஞாயிற்றுக்கிழமை இங்கே மாதிரியே அங்கும் கடைகள் பூட்டு. பெரிய புகையிரத நிலையங்களில் இருப்பவை மட்டும் திறந்திருக்கும்.

அந்தச் சந்தைக்குக் கிட்டத்தான் மன்னர் தொழிற்சாலை. அரசர் இல்லை, பிஸ்கற் கொம்பனிக்காரரின் பெயரே அதுதான். யோசெஃப் மன்னர் என்பவர் 1890 இல் தொடங்கியது. ரோஸ் நிறப் பொதியில் ஹேசல்நட் வேஃபர், 1898 இலிருந்து செய்கிறார்கள். அந்தத் தெருவில் நடந்தால் காற்றே சொக்கலேற். நாங்கள் இருவரும் வீதியோரம் நின்று பொதியைப் பிரித்தோம். சாப்பிட அல்ல, முதலில் ஒட்டுப் பார்க்க! ஓரம் சரியாக ஒட்டியிருக்கிறதா, தூள் கொட்டியிருக்கிறதா என்று பார்த்தோம். பத்துத் துண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து தாள் வேஃபர், நடுவே நாலு தரம் பூச்சு. ஒரு துண்டுகூட வெடித்திருக்கவில்லை. "நல்ல லைன்" என்றார் அக்கா, மேற்பார்வையாளரின் குரலில். தொழிற்சாலைக் கடையில் உடைந்தவற்றைப் பெரிய பையில் போட்டு மலிவாக விற்கிறார்கள். வாங்கினோம். பொதியில் இருக்கிற படம் ஸ்ரெஃபான் தேவாலயம். அந்தத் தேவாலயத்தில் கல் கொத்துகிற ஒருவருக்கு இந்தக் கொம்பனிதான் சம்பளம் கொடுக்கிறதாம்.

அந்தத் தேவாலயத்துக்கும் போனோம், பின்பகுதிக்குள் போய்ப் பார்க்கக் காசில்லை. 343 படி ஏறித் தெற்குக் கோபுரத்துக்குப் போகலாம், அதற்குக் காசு. படி ஏறுவதற்குக் காசு கொடுக்க அக்கா சம்மதிக்கவில்லை.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. இலவசமாகக் கிடைக்கிற எல்லாவற்றையும் பார்ப்பது. காசு கொடுத்துப் பார்ப்பது ஆளுக்கு ஒன்று மட்டும், மற்றவர் கேள்வி கேட்காமல் கூட வர வேண்டும். இலவசம் என்று பார்த்தால் வியன்னா தாராளமான ஊர். ஷூன்புறுன் அரண்மனைத் தோட்டம் இலவசம், மேட்டில் ஏறினால் நகரம் முழுவதும் தெரியும். 2023 டிசெம்பரில் திருத்தித் திறந்த வீன் மியூசியத்தின் நிரந்தரக் காட்சியும் இலவசம். உள்ளே கூரையில் ஒரு பெரிய திமிங்கிலம் தொங்குகிறது, முன்பு ஒரு சாப்பாட்டுக் கடையின் கூரையில் இருந்ததாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனியுங்கள்: அரச அருங்காட்சியகங்களில் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. டிராமுக்கு 24 மணித்தியாலச் சீட்டு எடுப்பது இலாபம். கடதாசிச் சீட்டென்றால் முதல் தரம் ஏறும்போது பெட்டிக்குள் விட்டு அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்காமல் பிடிபட்டால் தண்டம் 100 ஈரோவுக்கு மேல். அந்தக் காசுக்கு மூன்றிரவு படுக்கலாம்.

நான் தெரிந்தது ஒப்பெரா. பாட்டு நாடகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியன்னா அரச ஒப்பெரா பெரிய ஆட்கள் போகிற இடம், நல்ல கதிரைக்கு 200 ஈரோவுக்கு மேலும் கொடுக்க வேண்டும். ஆனால் பின்னால் நின்று பார்க்கிற இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை அன்றன்றைக்கே விற்கிறார்கள், 20 ஈரோவுக்கு உள்ளே முடியும். அக்கா முதலில் முகத்தைச் சுளித்தார். "மூண்டு மணித்தியாலம் நிக்கிறதோ?" பிறகு தானே சிரித்தார். நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லவா நாங்கள்! வேலைக்குப் போடுகிற மெத்தென்ற சப்பாத்தைத்தான் அன்றைக்கும் போட்டுக்கொண்டோம். மேலே காஞ்சிபுரம் இல்லை, நல்ல பஞ்சாபி.

உள்ளே போனதும் கம்பியில் உங்கள் இடத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வெளியே உலாவிவிட்டு வரலாம். அது அங்கே வழக்கம், ஒருவரும் அவிழ்க்க மாட்டார்கள். அக்கா தன் கழுத்துத் துண்டைக் கட்டினார். பஸ்ஸில் கைலேஞ்சி போட்டு இடம் பிடித்த சனத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டுமா? முன்னால் கம்பியில் சின்னத் திரை ஒன்று, பாடுவதன் பொருள் அதில் ஜேர்மனிலும் வரும். அன்றைக்கு 'லா போஎம்'. இத்தாலிக்காரர் பூச்சினி எழுதிய இசை, 1896 இல் முதலில் மேடையேறியது. கதை பரிசில் நடக்கிறது. கூரையடி அறையில் நாலு ஏழைப் பெடியள். குளிருக்கு மூட்ட விறகு இல்லாமல் ஒருவன் தான் எழுதிய நாடகத்தையே கிழித்து அடுப்பில் போடுகிறான். வாடகைக்காரன் வந்து கதவைத் தட்டுகிறான். பக்கத்து அறையில் தையல் வேலை செய்கிற பெண், மிமி. மெழுகுதிரி அணைந்துவிட்டது என்று நெருப்புக் கேட்டு வருகிறாள். இருட்டில் அவளுடைய திறப்புத் தொலைந்து இருவரும் நிலத்தில் தேடும்போது கை படுகிறது, கை குளிர்ந்திருக்கிறது. இவ்வளவுதான். ஆனால் அவன் பாடத் தொடங்கியதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மைக் ஒன்றும் இல்லை, வெறும் குரல். எங்கள் காதுகள் மெஷின் சத்தத்தில் பாழாய்ப் போன காதுகள். அவற்றுக்குள் அந்தச் சத்தம் இவ்வளவு துல்லியமாக நுழையும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியில் அவளுக்குக் காசநோய். மருந்து வாங்க ஒருத்தி தன் தோட்டைக் கழற்றி விற்கக் கொடுக்கிறாள், ஒருவன் தன் மேலங்கியை அடகுக்குக் கொண்டு போகிறான். தோடு கழற்றுகிற இடத்தில் அக்கா என் கையைப் பிடித்தவர் முடியும்வரை விடவில்லை. நாங்கள் எல்லாரும் தோடு விற்றவர்கள்தானே. எத்தனையோ பேர் முன்னால் பட்டுக் கதிரைகளில் இருந்து அழுதார்கள், நாங்கள் பின்னால் நின்று அழுதோம். ஒரே அளவு கண்ணீர்தான், விலை வித்தியாசம் 200 ஈரோ.

அந்தக் கட்டடம் 1945 மார்ச் 12 இல் குண்டு விழுந்து எரிந்தது. மேடையும் பார்வையாளர் மண்டபமும் போய், பத்து வருடம் கழித்து 1955 நவம்பர் 5 இல்தான் திரும்பத் திறந்தார்கள். நூலகம், கோயில், பள்ளிக்கூடம் என்று எரிந்ததைக் கண்ட எங்களுக்கு இப்படியான திகதிகள் மனதில் நிற்கின்றன.

அடுத்த நாள் காலை 71 ஆம் இலக்க டிராமில் ஏறினோம். அது மத்திய சுடலைக்குப் போகிற டிராம். அங்கே பீத்தோவன், ஷூபேர்ட் எல்லாருக்கும் பெரிய கல்லறைகள். நாங்கள் அதுவரை போகவில்லை, முன்னதாகவே ஸாங் மார்க்ஸ் என்ற இடத்தில் இறங்கினோம். அங்கே 1874 இல் மூடிய பழைய சுடலை ஒன்று, இப்போது மரங்கள் நிறைந்த பூங்கா. 1791 இல் மொஸார்ற் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள். அந்தக் காலத்துச் சாதாரண சனத்தின் அடக்கம், அடையாளக் கல் இல்லை. எந்த இடம் என்பது கொஞ்ச வருடத்திலேயே மறந்துபோயிற்று. பிற்காலத்தில் இந்த இடமாக இருக்கலாம் என்று ஒன்றைக் குறித்தார்கள். சுடலைக் காவலாளி ஒருவர் மற்றக் கல்லறைகளில் மிஞ்சிய துண்டுகளை எடுத்து, ஒரு முறிந்த தூணையும் ஒரு சின்னத் தேவதையையும் அங்கே நிறுத்தினாராம். அதைத்தான் இப்போது உலகம் வந்து பார்த்துப் பூ வைத்துப் போகிறது.

அக்கா அந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். நான் கொஞ்சம் தள்ளி ஒரு வாங்கில் இருந்துவிட்டேன். திரும்பி வந்து பக்கத்தில் இருந்து, "உண்மையான இடமோ இல்லையோ எண்டு தெரியாமலே பூ வைக்கலாம், என்ன?" என்றார். வைக்கலாம் அக்கா என்றேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக அவர் வீட்டுச் சாமித்தட்டில் கணவரின் படம் இல்லை. படம் வைத்து மாலை போட்டால் செத்ததாக ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று வைக்கவில்லை. இது இங்கே பலருடைய வீட்டு நிலைமை, புதிதாக எழுத ஒன்றுமில்லை. அக்கா புல்லில் விழுந்திருந்த ஒரு பூவை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தூணடியில் வைத்துவிட்டு வந்தார். மொஸார்ற்றுக்குத்தானா என்று நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் கோப்பிக் கடை. ஆளுக்கு ஒரு கோப்பி, ஏறக்குறைய 6 ஈரோ. விலையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது கோப்பியின் விலை அல்ல, கதிரையின் வாடகை. வெள்ளித் தட்டில் கோப்பியும் கூடவே ஒரு கிளாஸ் தண்ணீரும் வரும். தண்ணீர் முடிந்தால் திரும்ப நிரப்புவார்கள். எழும்பு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தடியில் மாட்டிய பத்திரிகைகள் கிடக்கின்றன. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். இந்த நகரத்தில் முதல் கோப்பிக் கடையை 1685 இல் திறந்தவர் வெளியிலிருந்து வந்த ஒரு ஆர்மீனியர். வேலை இடத்தில் எங்களுக்குக் கோப்பி இடைவேளை பதினைந்து நிமிடம். அதில் ஐந்து நிமிடம் கையுறை கழற்றிக் கை கழுவுவதில் போய்விடும்.

அக்கா தெரிந்தது பிறாற்றர் பூங்காவின் பெரிய இராட்டினம். 1897 இல் கட்டியது, ஏறக்குறைய 65 மீற்றர் உயரம். ரிக்கெற் வரிசையில் நிற்கும்போது அறிவிப்புப் பலகையை அக்கா வாசித்து எனக்குச் சொன்னார். முன்பு 30 பெட்டிகள் இருந்தனவாம். யுத்தத்தில் எரிந்துபோய், திருத்தியபோது சக்கரம் பாரம் தாங்குமோ என்று பயந்து 15 பெட்டியைத்தான் திரும்ப மாட்டினார்களாம். ஒன்று விட்டு ஒன்று வெறுமையாக இருக்கும். உயரம் என்றால் எனக்குத் தலை சுற்றும், கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா மரப்பெட்டியின் யன்னல்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் ஹங்கேரி என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். அவர் கிழக்கைக் காட்டினார். "அந்த றோட்டாலைதான் வந்திருப்பம்" என்று சொல்லி மகனுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தார். படத்தில் வெறும் புகாரும் சில கட்டடங்களும்தான்.

கடைசி நாள் டொனாவ் தீவு. வெள்ளத்துக்காக ஆற்றின் பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை நடுவே போட்டு உண்டாக்கிய தீவு. 1972 இலிருந்து 1988 வரை வேலை நடந்தது. 21 கிலோமீற்றர் நீளம், முழுவதும் இலவசம். சுரங்க றெயினில் போய் இறங்கினால் தண்ணீர். சனங்கள் துவாயை விரித்துப் படுத்திருக்கிறார்கள். எங்களைப்போல நிறத்திலும் நிறையப் பேர், இறைச்சி வாட்டிக்கொண்டு, பிள்ளைகளை அதட்டிக்கொண்டு. நான் காலை நனைத்தபடி கரையில் இருந்தேன். அக்கா ரீசேட்டோடும் நீளக் காற்சட்டையோடும் இறங்கினார். முழங்கால், இடுப்பு, பிறகு ஆளைக் காணவில்லை. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பார்த்தால் நடுவிலே தலை தெரிகிறது, ஆறுதலாகக் கை போட்டு நீந்துகிறார்! ஆறு வருடம் எதிரெதிரே நின்றும் இவருக்கு நீந்தத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பத்து வயதுக்குள் ஐயாவிடம் பழகியதாம். மயிலிட்டித் துறைமுகத்தை 2017 இல்தான் விட்டார்கள், அதற்குள் இவர் இங்கே வந்துவிட்டார். நீலப் புத்தகத்தோடு இலங்கைக்குப் போகவும் முடியாது. "உப்பில்லை, அதுதான் குறை" என்று கரைக்கு வந்து தலையைத் துவட்டினார். பிறகு இன்னும் இரண்டு தரம் இறங்கினார். றெயினுக்கு நேரமாகிறது என்று நான்தான் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு எடுத்தேன்.

திரும்பி வரும்போது ஃபிறைலாஸிங்கில் பொலிஸ் ஏறினார்கள். 2015 இலிருந்து அந்த எல்லையில் சோதனை இருக்கிறது, உங்களையும் கேட்பார்கள், பதற வேண்டாம். அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். ஆனாலும் சீருடையைக் கண்டதும் அவர் முழங்கால் என் முழங்காலில் முட்டி நடுங்கியது. இளம் பெண் பொலிஸ் ஒருவர் நீலப் புத்தகத்தை விரித்தார். அட்டையோடு ஒப்பிட்டார். அக்காவின் பெயரை வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் பார்த்தார், ஒருவராலும் ஒரே மூச்சில் வாசிக்க முடியாத பெயர். பிறகு எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டார். "விடுமுறைக்கு. வியன்னாவுக்கு" என்று அக்கா நல்ல ஜேர்மனில், கொஞ்சம் உரத்தே சொன்னார். புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, நல்ல பயணம் என்று சொல்லி அடுத்த வாங்குக்குப் போனார் அந்தப் பெண்.

றெயின் திரும்பவும் வெளிக்கிட்டது. அக்கா பையைத் திறந்து உடைந்த வேஃபர்களை வெளியே எடுத்தார். மகனுக்கும் என் பிள்ளைகளுக்கும் என்று வாங்கியது. உல்ம் வந்து சேர்ந்தபோது பையில் அரைவாசிதான் மிச்சம்.